திருநீற்று வரிசை

மலையில் ஆண்டுதோறும் நடக்கும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியில்தான் அவரைச் சந்தித்தேன். எங்கள் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர். தறி மிதித்து இறுகிய கால்கள். தொப்பை மட்டும் இறுகவில்லை. ஏரியை நீந்தி முதலில் கரையேறியவர், சைக்கிளில் ஏறாமல், அதில் மாட்டியிருந்த பையிலிருந்து திருநீறு எடுத்துக் குழைத்து நிதானமாகப் பூசிக்கொண்டார்.

இரண்டாவதாக வந்த எனக்குப் பதறியது. "இன்னாண்ணா, நின்னுக்கினு இருக்கீங்க? கெளம்புங்க."

"குளிச்சிட்டு வெறும் நெத்தியோட எப்டிபா கெளம்புறது? மொத வருசம் எல்லாம் சிரிச்சாங்க. அடுத்த வருசம் ரெண்டு பேர் நெத்தியக் காட்டினாங்க. இப்ப திரும்பிப் பாரு."

திரும்பினேன். நீச்சல் கண்ணாடிகளைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, ஈரம் சொட்ட ஒரு வரிசையே நின்றது. எனக்கும் பூசி, "ஓடு, நேரமாவுது" என்று முதுகில் தட்டினார். மலைப்பாதை முழுக்கச் சிரித்துக்கொண்டே மிதித்தேன்.

வரிசையின் கடைசி ஆளுக்கும் பூசிவிட்டுத்தான் அவர் புறப்பட்டாராம். பரிசளிப்பின்போது கடைசி ஆளாக ஓடி வந்தவர், என் பக்கத்தில் நின்று பலமாகக் கைதட்டினார். பிறகு மேடையையே உற்றுப் பார்த்து, கவலையோடு என் காதில் சொன்னார்:

"மொதப் பரிசுக்காரனுக்குக் கோடு கோணலா விழுந்துட்டுதுபா. அடுத்த வருசம் அவசரப்படக் கூடாது."