பனைமட்டை அடித்த பெரிய புதன்

போன திருநாளில் எங்கள் ஊர்க் கோவிலில் பிரசங்கம் வைத்த சாமியார் சின்ன வயதுக்காரர். பார்க்க நல்லவராகத்தான் தெரிந்தார். தேவமாதாவின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "முன்னொரு காலத்தில் இந்த ஊருக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. உங்கள் தாய்மார் மாதா கெபி முன்னால் முழங்காலிட்டு ஜெபித்தார்கள். மாதா அந்தப் புண்ணை ஆற்றினாள்" என்றார். என்னைச் சுற்றி இருந்த பெண்கள் பக்தியோடு தலையை ஆட்டினார்கள். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்ன புண் நான்தான். எழுபது வயது தாண்டிவிட்டது, எழுந்து நின்று சண்டை போட முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மலையில் பிறந்து, திருநெல்வேலியையும் ஏரலையும் தாண்டி, எல்லார் வயலுக்கும் பாய்ந்து, எல்லார் அழுக்கையும் கழுவிக்கொண்டு, தாமிரபரணி கடைசியாகத்தான் எங்களிடம் வரும். ஆண்களில் பாதிப் பேர் மீன்பிடிக்கப் போனார்கள், பாதிப் பேர் கொழும்புத் தோணியில் வேலை செய்தார்கள். என் அப்பா தோணியில் இருந்தார். ஈஸ்டருக்கு முந்தின தபசுக்காலத்தில் ஊரைப் பார்த்தால் பெண்களும் பிள்ளைகளும் வயசாளிகளும்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அப்போதெல்லாம் பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் புதுநன்மை, அதாவது முதல்முறை நற்கருணை, கொடுப்பார்கள். எனக்கு அந்த வருஷம் பாஸ்காவுக்கு, ஈஸ்டர் ஞாயிறுக்கு, புதுநன்மை. அம்மா வெள்ளைச் சீட்டித்துணி எடுத்துப் பாவாடை தைத்து, முக்காட்டுக்கு ஓரம் கட்டி, பெட்டியில் வைத்திருந்தாள்.

எங்கள் பங்குச் சாமியாரை ஊருக்கு ரொம்பப் பிடிக்கும். அருமையாகப் பாடுவார். பேதி வந்த வருஷம் வீடு வீடாகப் போய், சாகக் கிடந்தவர்கள் வாயில் தண்ணீர் ஊற்றி அவஸ்தைப்பூசுதல் கொடுத்தவர். இதையும் எழுதத்தான் வேண்டும். இதனால்தானே என்னை யாரும் நம்பவில்லை.

புதுநன்மைப் பிள்ளைகளுக்கு அவரே ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். பாடம் முடிந்ததும் மற்றவர்களை அனுப்பிவிட்டு ஒரு பிள்ளையை மட்டும் இருக்கச் சொல்வார், மனப்பாடம் சரியில்லை என்று. எனக்கு அந்த மந்திரமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. இருந்தும் என்னை இருக்கச் சொன்னார். அந்த அறையில் நடந்ததை எழுத மாட்டேன். அது அவருடைய அசிங்கம். என் கையால் அதற்கு ஒரு வரி கொடுக்க எனக்கு மனமில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். "இன்னொருக்கச் சொல்லு" என்றாள். சொன்னேன். எழுந்து கையைக் கழுவினாள், சேலையில் துடைத்தாள், என் முகத்தை நிமிர்த்தினாள். "நீ ஒண்ணும் செய்யல. கேட்டியா? நீ ஒண்ணும் செய்யல" என்றாள். அரிந்த மீனைப் பூனைக்கு விட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு நேரே உபதேசியார் வீட்டுக்குப் போனாள்.

சாமியாருக்கு அடுத்தபடி ஊரில் உபதேசியார்தான். கோவிலில் ஜெபம் நடத்துவார், பூசைக்கு உதவி செய்வார், புருஷன் பெண்டாட்டி சண்டையையும் தீர்த்து வைப்பார். அம்மா சொல்லச் சொல்ல அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்ன பேச்சு பேசுதிய? குருவானவரச் சொன்ன நாக்கு அழுகிப் போகும்."

"என் மக பொய் சொல்ல மாட்டா."

"சின்னப் பிள்ள, என்னத்தையோ நெனச்சு ஒளறுதா. பொய் சொன்னேன்னு அந்தச் சாமிகிட்டயே பாவசங்கீர்த்தனம் பண்ணட்டும். பாஸ்காவுக்கு எல்லாப் பிள்ளையளோடயும் நன்மை வாங்கட்டும். அதோட முடிஞ்சிரும். பண்ணலன்னா நன்மை கெடையாது."

அவர் மனைவி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள், முந்தின வருஷம் நன்மை வாங்கியவள். அம்மா பேசிய நேரம் முழுக்க அந்த அம்மாள் முறத்தை நிறுத்தவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. திரும்பி வரும்போது அம்மாவுக்கு உபதேசியாரைவிட அவள்மேல்தான் கோபம். "அவளும் ஒரு பிள்ளயப் பெத்தவதான" என்று வழியெல்லாம் பொருமினாள்.

அன்றைக்கே அம்மா முடிவு செய்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "கோவில்ல வச்சு, ஊரு கேக்க, இந்தப் பிள்ள மேல குத்தமில்லன்னு சொல்லணும். சொன்ன பொறவு இவ நன்மை வாங்குவா. அது வரைக்கும் பாவாட பெட்டியில கெடக்கட்டும்." இதைக் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

ஊர்ப் பெண்கள் எங்களோடு சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர்கள் ஜெபம் பண்ணினார்கள். தினமும் சாயங்காலம் கெபி முன்னால், கல்லால் கட்டிய மாதா குகை முன்னால், கூடி, ஜெபமாலை உருட்டி ஐம்பத்துமூன்று மணி ஜெபம் சொல்லி, நான் மனந்திரும்ப வேண்டும் என்று ஒப்புக்கொடுத்தார்கள். என் பெயரைச் சொல்லியே ஒப்புக்கொடுத்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளை தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கிறேன், எனக்காக உருகி உருகி வேண்டுகிறார்கள். அதைவிட என்னைக் கல்லால் அடித்திருக்கலாம். அம்மா ஒருநாள் தானும் போய் அவர்கள் நடுவில் முழங்காலிட்டாள். எல்லாரும் தங்கள் வேண்டுதலைச் சொல்லி முடித்ததும், "சாமியார் மனந்திரும்பணும், மாதாவே" என்று சத்தமாகச் சொன்னாள். மறுநாள் அவளைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு யாரும் உட்காரவில்லை. அவள் அப்புறமும் போனாள். மாதா ஊருக்கு மட்டுமா சொந்தம் என்றாள்.

பேச்சு எப்படியோ மேலிடத்துக்குப் போய்விட்டது. ஒருநாள் காலையில் வில்வண்டி வந்து நின்றது. சாமியாருக்கு உடம்பு சரியில்லையாம், ஆற்றுக்கு மேலே நல்ல தண்ணீர் உள்ள ஊருக்கு அனுப்புகிறார்களாம். நல்ல தண்ணீர். பெண்கள் வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் எல்லாருக்கும் ஆசீர்வாதம் கொடுத்தார். வண்டி போன பிறகு எல்லார் கண்ணும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது.

பரிசுத்த வாரத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து பெரிய சாமியார் ஒருவர் வந்தார். வெள்ளைக்காரர், மூக்குக்கண்ணாடி போட்டவர், புத்தகத்தில் இருப்பது போலத் தமிழ் பேசுவார். அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மகளே, மன்னிப்பது நம் கடமை. நீ ஜெபம் செய். சர்வேசுரன் ஆற்றுவார்."

"எங்கிட்ட யாரும் மன்னிப்பு கேக்கலியே சாமி. கேக்காதவுகளுக்கு எப்படிக் குடுக்கது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பக்கம் திரும்பி, புதுநன்மைக்கு முன்னால் தன்னிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்றார். பொய் சொன்ன பாவத்தையா என்று அம்மா கேட்டாள். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அம்மா தோத்திரம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து வெளியே வந்தாள்.

மறுநாள் பெரிய புதன், பரிசுத்த வாரத்துப் புதன்கிழமை. அன்று மாலை எங்கள் கோவிலில் லத்தீனில் நீளமாக ஒரு ஜெபம் பாடுவார்கள். இப்போது அதை எடுத்துவிட்டார்கள், அதனால் விளக்கிச் சொல்கிறேன். பீடத்துக்கு முன்னால் முக்கோணத் தண்டில் மெழுகுதிரிகள் எரியும். ஒவ்வொரு சங்கீதம் முடியும்போதும் உபதேசியார் ஒரு திரியை அணைப்பார். உச்சியில் உள்ள கடைசித் திரியை மட்டும் அணைக்காமல் பீடத்துக்குப் பின்னால் மறைத்து வைப்பார்கள். கோவில் கும்மிருட்டாகிவிடும். சேசுநாதர் உயிர்விட்டபோது பூமி அதிர்ந்தது அல்லவா, அதற்காக ஜனங்கள் தரையைத் தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டும். திரி வெளியே வந்ததும் நிறுத்திவிட வேண்டும். எங்கள் ஊரில் இதற்கென்றே பனைமட்டையில் ஓரத்து முள்ளுக் கருக்கைச் சீவிவிட்டுக் கொண்டுவருவோம். கோவிலுக்குள் சத்தம் போட்டால் அடி விழாத ஒரே நாள், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

நானும் அம்மாவும் கடைசியில், வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தோம். திரி மறைந்தது. ஊரே தரையை அடித்தது. திரி வந்தது. சத்தம் நின்றது. அம்மா நிறுத்தவில்லை.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு "போதும்மா" என்று உபதேசியாரின் குரல் வந்தது. அம்மா அடித்தாள். கண்ணை மூடவில்லை, அழவில்லை, ஒரே சீராக அடித்தாள். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. அவள் கையைப் பிடித்தேன். உதறினாள். பெரிய சாமியார் திரியைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் முன்வரிசையில் இன்னொரு மட்டை தரையில் விழும் சத்தம் கேட்டது. உபதேசியாரின் மனைவி. முறத்தை நிறுத்தாத அதே பெண்பிள்ளை. ஒரு கையால் மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மறுகையால் அடித்தாள். மகள் அவள் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். திரி அணைக்கும் கோலைப் பிடித்துக்கொண்டிருந்த உபதேசியார் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அப்படியே பீடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு தூண் பக்கத்திலிருந்து ஒருத்தி. ஜன்னல் ஓரத்திலிருந்து ஒருத்தி. இவர்கள் எல்லாரும் கெபி முன்னால் எனக்காக ஜெபித்தவர்கள். தங்கள் பிள்ளைகள் சொன்னதை முந்தானையில் முடிந்துகொண்டு, என் பிள்ளைத்தனமான பொய்க்காக வேண்டியவர்கள். எனக்கு அன்று அவர்கள்மேல் பாசம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்றைக்கும் பாதி ஆத்திரம் மிச்சம் இருக்கிறது. ஆனால் நான் என் மட்டையை எடுத்து அடித்தேன். என் வாழ்நாளில் நான் பண்ணிய ஜெபங்களில் சர்வேசுரன் காதில் கட்டாயம் விழுந்திருக்கும் என்று நான் நம்புவது அது ஒன்றைத்தான்.

பெரிய சாமியார் கையை உயர்த்தினார். யாரும் நிறுத்தவில்லை. கடைசியில் அவரே நடந்து வாசல் வரை வந்து, அம்மா முன்னால் நின்றார். அம்மா மட்டையைத் தரையில் வைத்தாள். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"என்ன வேண்டும் உனக்கு?"

"குத்தமில்லன்னு சொல்லணும் சாமி. அங்கன போய், பீடத்துல நின்னு சொல்லணும்."

அவர் திரும்பிப் போனார். பீடத்தில் நின்று, "இந்தப் பிள்ளைகள்மேல் யாதொரு குற்றமும் இல்லை. இவர்கள் பொய் சொல்லவில்லை" என்றார். அவர் முகம் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"குத்தம் யாரு மேலன்னும் சொல்லுங்க" என்றாள் அம்மா.

அவர் திரியைத் தண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாஸ்காவுக்கு நான் வெள்ளைப் பாவாடை கட்டி நன்மை வாங்கினேன். சின்னப் பிரசங்கியார் சொன்னாரே, புண் ஆறியது என்று, அது அன்றைக்குக் கொஞ்சம் ஆறியது உண்மைதான். ஆற்றியது முழங்காலில் நின்ற ஜெபம் அல்ல. எல்லார் காதும் கேட்க என்னை நம்பினார்கள், அதுதான் ஆற்றியது. ஊர் அதோடு முடித்துக்கொண்டது. கெபிக்கு மாலை போட்டார்கள், நன்றிப் பூசை வைத்தார்கள். அம்மா பூசைக்கு வரவில்லை. நல்ல தண்ணீர் உள்ள அந்த ஊர் எது என்று வண்டிக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்கா திங்கட்கிழமை விடியலில் என்னைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரையோடு மேற்கே நடந்தாள். ஏரல் தாண்டி வெகுதூரம். ஊருக்குள் போகவில்லை, நேரே படித்துறைக்குப் போனாள். நாலைந்து பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் நிஜமாகவே நல்ல தண்ணீர்தான், அடியில் கூழாங்கல் தெரிந்தது.

"ஒங்க ஊருக்குப் புதுச் சாமியார் வந்திருக்காரா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமா. தங்கமான மனுசன். பிள்ளையளுக்கு அவரே ஞானோபதேசம் சொல்லுதாரு" என்றாள் ஒருத்தி.

அம்மா என்னைத் தன் முன்னால் நிறுத்தி, தோளில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். அவர்களில் ஒருத்தி நாங்கள் பேய்பிடித்தவர்கள் என்றாள். இன்னொருத்தி துவைத்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே கல்லில் போட்டுவிட்டு, ஈரப் புடவை காலைத் தடுக்கத் தடுக்க, கரை ஏறி ஓடினாள். சேலை வழுக்கி ஆற்றோடு போகப் பார்த்தது. அம்மா இறங்கி அதைப் பிடித்து, அலசி, பிழிந்து, படியில் வைத்தாள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் பெண் ஒரு சிறுமியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். என்னைவிடச் சின்னவள். "கேட்டா வாயே தெறக்க மாட்டங்கா" என்று அம்மாவிடம் சொல்லும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. அந்தப் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. எப்படி நின்றது என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் நின்றேன்.

நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். "எங்க அம்மாகிட்டச் சொல்லு" என்றேன். "அவ நம்புவா."