சக்கரம் வைத்த வீட்டில் சோறு வடித்தால்...

வீட்டைக் காணோம்.

சாவியைக் காணோம், கண்ணாடியைக் காணோம் என்று இந்தப் பத்தியில் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். இந்த முறை நிஜமாகவே வீட்டைக் காணோம்! போன சனிக்கிழமை காலை, உம் அல் குவைன் கடலோரமாக, தம்பி முன்பு அனுப்பியிருந்த லொக்கேஷனில் காரை நிறுத்திவிட்டு இறங்கினால்... வெறும் மணல். ஒரு பூனை மட்டும் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது.

போன் போட்டேன்.

"ஏலே, வீடு எங்கலே?"

"அக்கா, அது பழைய இடம்லா? சைட் மாறிட்டு. வீடு போன வாரமே ராஸ் அல் கைமாவுக்கு வந்துட்டு. புது லொக்கேஷன் அனுப்புதேன். நான் டூட்டில இருக்கேன், சாயந்திரம் வந்துருவேன். மகேஸ் இருக்கா, போங்க."

வீடு வந்துட்டாம்! பஸ் வந்துவிட்டது என்கிற மாதிரி சொல்கிறான்.

என் தம்பி இளங்கோவைப் பற்றி இங்கே நான் எழுதியதே இல்லை. எழுதினால் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவான். இன்றைக்கு வந்தால் வரட்டும். ரோடு போடும் கம்பெனியில் சர்வேயர். ரோடு நகர நகர அவனும் நகர வேண்டும். துபாய் அல் குசைஸில் என் ஃப்ளாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவனுக்கும் ஒரு ஃப்ளாட் இருந்தது. அதில் மனைவி மகேஸ்வரியும், ஐந்து வயது மகள் யாழினியும். சைட் பக்கத்தில் கம்பெனி கொடுத்த பேச்சிலர் ரூமில் இவன்.

இரண்டு மாதம் முன்பு ஒரு நாள் போன் செய்தான். ஃப்ளாட்டைக் காலி செய்தாயிற்று, சோபா, கட்டில் எல்லாம் கொடுத்தாயிற்று, கேரவன் வாங்கியாயிற்று என்றான்.

கேரவன் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஷூட்டிங்கில் நடிகர் நடிகைகள் மேக்கப் போட்டுக்கொள்வார்களே, அது. "உனக்கு எதுக்குலே மேக்கப்?" என்றேன்.

"அதில்லக்கா. பிக்கப்புக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போறது. இனிமே அதான் எங்க வீடு."

"லீவுக்குத்தானே?"

"எப்பவுமே."

கிச்சன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பொய் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, எழுந்து அணைக்கத் தோன்றவில்லை. பாளையங்கோட்டையில் சொந்தவீடு உள்ள பிள்ளை! துபாய்க்குப் போய் வண்டியில் குடியிருக்கிறான் என்றால் ஊரில் என்ன பேசுவார்கள்? யூடியூப் பார்த்துக் கெட்டுப்போனான் என்று முடிவு கட்டினேன்.

ஆகவே சனிக்கிழமை நான் சும்மா பார்க்கப் போகவில்லை. ஒரு திட்டத்தோடுதான் போனேன். மகேஸ்வரியையும் குழந்தையையும் கையோடு கூட்டிவந்துவிடுவது. கொஞ்ச நாள் என் வீட்டில் வைத்திருந்து ஊருக்கு ஏற்றி அனுப்பிவிடுவது. தம்பி கம்பெனி ரூமுக்குத் திரும்பட்டும். இங்கே எல்லாரும் செய்வதுதானே? வாடகை ஏறினாலும் சரி, வேலை தூரமானாலும் சரி, "ஃபேமிலிய ஊருக்கு அனுப்பிட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்வோம். கேட்பவர்களும் "நல்லது" என்பார்கள்.

புது லொக்கேஷனைக் கண்டுபிடித்துப் போனேன். கடலைப் பார்த்தபடி ஒரு பத்துப் பன்னிரண்டு கேரவன்கள். கரண்ட், தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டு. காரை விட்டு இறங்கினேனோ இல்லையோ — அடித்தது பாருங்கள் ஒரு நாற்றம்! குடல் வாய்க்கு வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எந்த வண்டியிலிருந்து வருகிறது என்று பார்த்தால்... கதவில் மாவிலைத் தோரணம் கட்டிய வண்டி. பிளாஸ்டிக் மாவிலை. வேறு யாராக இருக்க முடியும்?

"வாங்க மதினி, வழி கண்டுபிடிச்சிட்டியளா?" என்று மகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

உள்ளே ஏறினேன். ஏறியதும் வீடு முடிந்துவிட்டது! ஒரு பக்கம் அடுப்பும் சிங்க்கும். இன்னொரு பக்கம் மேஜை. அந்த மேஜையை இறக்கினால் அதுதான் யாழினியின் கட்டில். பாத்ரூமுக்குள் போனேன், உள்ளே திரும்ப முடியாமல், போன மாதிரியே பின்னால் நடந்து வெளியே வந்தேன். சாமி படம் மைக்ரோவேவுக்கு மேலே. வண்டி கிளம்பும்போதெல்லாம் சாமியை எடுத்துத் துண்டில் சுற்றித் தலையணைகளுக்கு நடுவில் வைத்துவிடுவார்களாம்.

"விசாவுக்கு வீட்டு வாடகை ஒப்பந்தம் கேப்பானே?"

"விசாவ இப்பத்தான் புதுப்பிச்சோம். அடுத்த தடவைக்கு இன்னும் நாள் கிடக்கு மதினி."

"ஜூன், ஜூலை வெயில்?"

"ஏசி ஓடுதுல்லா?"

"பிள்ளைக்குப் படிப்பு?"

"நான் டீச்சர்தான மதினி? இந்த வருஷம் நானே சொல்லிக் குடுக்கேன்."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். "அப்போ இந்த நாத்தத்துக்கு?" என்றேன்.  ஜன்னல் வழியே வெளியே கையைக் காட்டினாள்.

நாலு நாளாக இப்படித்தானாம். பக்கத்து கேரவனில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. வெளியே மேஜை போட்டு காலைச் சாப்பாடு சாப்பிட உட்கார்ந்தவர்கள் தட்டோடு உள்ளே ஓடிவிட்டார்களாம். இவர்கள் கக்கூஸ் தண்ணீரை மணலில் திறந்துவிடுகிறார்கள் என்று மேனேஜரிடம் புகார் போய்விட்டது.

"சத்தியமாச் சொல்லுதேன் மதினி, டாய்லெட் பெட்டிய உங்க தம்பி தினமும் கொண்டுபோய்க் கொட்டிட்டுக் கழுவித்தான் வைக்காவ. எங்க இருந்து வருதுன்னே தெரியல."

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினார் ஒருவர். இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் கான் பாய். பெஷாவர் பக்கத்து ஆள், நல்ல உயரம். வாசலை விட்டுத் தள்ளி நின்று, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு பேசினார். "கம்ப்ளெயின்ட் ஆயா, பஹன்ஜி. மேனேஜர் நே போலா. ஷாம் தக் காடி நிகாலோ. கலாஸ்."

சாயந்திரத்துக்குள் வண்டியை எடு. அவ்வளவுதான், முடிந்தது.

தம்பியின் சைட்டுக்குப் போய்வருகிற தூரத்தில் கரண்ட் கனெக்‌ஷனோடு வண்டி நிறுத்த இதை விட்டால் வேறு இடம் கிடையாதாம். ஏசி இல்லாமல் இந்த வெயிலில் ஒரு நாள் ஓட்ட முடியுமா? அப்படியென்றால் கேரவன் வாழ்க்கைக்கே கலாஸ்!

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நான் வாயைத் திறக்காமலே காரியம் முடிந்துவிட்டதே! "விடு மகேஸ், இதுவும் நல்லதுக்குத்தான். பெட்டிய எடு. நீயும் பிள்ளையும் என்கூட வாங்க. அவன் ரூமுக்குப் போகட்டும். அடுத்த மாசம் ஊருக்கு டிக்கெட் போட்டுரலாம்" என்றேன்.

அவள் பெட்டியை எடுக்கவில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்து போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"மதினி, யாழினிக்கு நான் ஒண்ணு பழக்கி வச்சிருந்தேன். வீட்டுக்கு யாரும் விருந்தாள் வந்துட்டுக் கிளம்புனா வாசல் வரைக்கும் போயி, 'தேங்க் யூ ஃபார் கமிங்'னு சொல்லணும்னு."

"ஆமா, என்கிட்டயும் சொல்லுவாளே. நல்ல பழக்கம்தானே."

"உங்க தம்பி சனிக்கிழமை வந்தா ஞாயித்துக்கிழமை சாயந்திரம் கிளம்பிருவாவ. ஒரு ஞாயித்துக்கிழமை ஷூ மாட்டிக்கிட்டு இருக்காவ. இவ போயி பக்கத்துல நின்னு, 'தேங்க் யூ ஃபார் கமிங், அப்பா'ன்னுட்டா."

மூக்கைப் பொத்தியிருந்த முந்தானையை இறக்கினேன்.

"விளையாட்டுக்குச் சொல்லல மதினி. மரியாதையாச் சொன்னா. ஒத்த ஷூவோட அவுக அப்படியே தரையில உக்காந்துட்டாவ. மறுநாள் டூட்டிக்கே போகல. மறுவாரம் வண்டி பாக்க ஆரம்பிச்சிட்டாவ."

யூடியூபும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்த யாழினியைப் பார்த்தேன்.  பெற்ற அப்பனை வழியனுப்பி வைத்திருக்கிறது இந்தப் பிள்ளை! இத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. ஒருவேளை எல்லா வீட்டிலும் நடக்கிறதோ? யாரும் வெளியே சொல்வதில்லையோ?

 மகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள். பானையைத் துணியால் பிடித்து, தட்டை வைத்து மூடி, சிங்க்கில் சாய்த்தாள். கொழகொழவென்று கஞ்சி இறங்கியது.

"மகேஸ், நிறுத்து!"

என் சத்தத்தில் பானையே நழுவியிருக்கும்.

"தினமும் இப்படித்தான் வடிக்கிறியா?"

"ஆமா மதினி. குக்கர் சோறு உங்க தம்பிக்கு இறங்காதுல்லா?"

"இது எங்க போகுது?"

"கீழ தொட்டி இருக்கு. வாரத்துக்கு ஒருக்க டேங்கர் வந்து எடுத்துட்டுப் போவான். இப்ப ஒரு மாசமா தொட்டி சரியாத் திறக்க மாட்டேங்குது, கொஞ்சந்தான் வருதுங்கான்."

திறக்காதம்மா, திறக்காது! நம் வீட்டில் சாக்கடைக்குப் போகிற கஞ்சி வேறு. இங்கே அது போவதற்கு இடமே இல்லை. வண்டிக்கு அடியில் அடைத்த தொட்டி, மேலே வளைகுடா வெயில், கீழே கொதிக்கிற மணல். அதில் மாசக்கணக்கில் கஞ்சி. போதாததற்கு இட்லிக்கு அரைத்த கிரைண்டர் கழுவிய தண்ணீர்! காட்டன் புடவைக்குப் போட்டால் விறைத்து நிற்கிற கஞ்சியாயிற்றே, தொட்டியின் வால்வை மட்டும் சும்மா விடுமா? இந்த கேரவனைச் செய்த வெள்ளைக்காரன், ஒரு திருநெல்வேலிக் குடும்பம் இதில் தினமும் சோறு வடிக்கும் என்று கனவிலாவது நினைத்திருப்பானா?

இறங்கி ஓடினேன். மூட்டு வலி ஞாபகமே வரவில்லை. "கான் பாய்! கான் பாய்!"

என் ஹிந்தி அல் குசைஸ் காய்கறிக் கடையில் கற்றது. விலை கேட்கத் தெரியும், வெங்காயம் அழுகல் என்று சண்டை போடத் தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் ஒரு குடும்பத்துக்காக வாதாடினேன். "யே டாய்லெட் நஹி! யே சாவல்! சாவல் கா பானி! கராப் ஹோகயா!" கக்கூஸ் இல்லை, அரிசித் தண்ணீர், கெட்டுப்போய்விட்டது என்று.

அவர் நம்பவில்லை. அரிசியாவது, நாறுவதாவது? டேங்கரைக் கூப்பிடுங்கள், திறந்து காட்டுகிறேன் என்று வழியை மறித்து நின்றுவிட்டேன். என் உருவத்தைப் பார்த்தோ என்னவோ, கூப்பிட்டார்.

டேங்கர்க்காரர் வந்து கம்பியை விட்டுக் குத்தினார். வால்வு திறந்தது. ஐயையோ... வெள்ளையாக, கட்டி கட்டியாக, பாதி உறைந்த பாயசம் மாதிரி தொப்பென்று விழுந்தது! வெள்ளைக்கார அம்மாள் ஜன்னலை அடித்துச் சாத்தினார். கான் பாய் துண்டை எடுத்துவிட்டு ஒரு அடி கிட்டே வந்தார். முகர்ந்தார். கண் விரிந்தது.

"அரே! யே தோ சாவல் ஹை!"

அவர் வீட்டிலும் புலாவுக்கு அரிசியை வடிக்கத்தான் செய்வார்களாம். ஆனால் வடித்த தண்ணீரை எருமைக்கு வைத்துவிடுவார்களாம். ராஸ் அல் கைமாவில் எருமைக்கு நான் எங்கே போவது?

பிறகு வாளி வாளியாக வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். கான் பாயும் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மத்தியானத்துக்குள் நாற்றம் அடங்கியது. மேனேஜருக்கு போன் செய்து அவரே நெடுநேரம் பேசினார். "சாவல், சாவல்" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. கடைசியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வண்டி இங்கேயே நிற்கலாம்!

மகேஸ்வரி வண்டிப் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும்தான். எதைப் பிரிக்கவென்று கிளம்பி வந்தேனோ, அதற்காகக் கையெல்லாம் கஞ்சி நாற்றத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

சாயந்திரம் இளங்கோ வந்தான். உடம்பெல்லாம் புழுதி. படியில் காலை வைத்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து அதட்டல்.

"அப்பா! ஷூவக் கழட்டுங்க! நான் இப்பத்தான் ஸ்வீப் பண்ணேன்!"

"சரிம்மா, சரிம்மா" என்று ஒற்றைக் காலில் நின்று கழற்றினான்.

அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். வடிச்ச சோறா, இந்த வீடா, ரெண்டில் ஒன்றைச் சொல் என்றேன். ஒரு திருநெல்வேலி ஆம்பளை யோசித்த யோசனையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கடலைப் பார்த்தான். பானையைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"நாளைக்கே குக்கர் வாங்கிருவோம்க்கா."

நான் கிளம்புகிற நேரம் கான் பாய் வந்தார். மகேஸ்வரி கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். யாழினி அப்பா முதுகில் ஏறி உட்கார்ந்து ஏதோ கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பஹன்ஜி, இதுல எத்தனை பேர் தூங்கலாம்?" என்று கேட்டார்.

"நெருக்கி நாலு பேர்" என்றாள் மகேஸ்வரி.

அவர் விரல் விட்டு எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது.

"நாங்க ஏழு பேர். பத்தாது" என்று சிரித்துவிட்டு, டீ கிளாஸைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

அவருக்கு ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தம்பியிடம் கேட்டேன். அம்மா, மனைவி, நாலு பிள்ளைகளாம். ஊருக்குப் போய் வருஷக்கணக்காகிறதாம்.

வண்டி ஓட்டிக்கொண்டே கூட்டிப் பார்த்தேன். ஆறுதான் வந்தது. எமிரேட்ஸ் ரோடு ஏறும்போதுதான் உறைத்தது — ஏழாவது ஆள், அவர்தான்.