மாமியின் முதல் ஆராதனை

எங்கள் லுத்தரன் கோயில் அலுவலகத்தில், புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு பட்டியல் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சுவிசேஷம் வாசிக்கையில் எழ வேண்டும். பாவ அறிக்கைக்கு முழங்காலிட வேண்டும். பக்கத்தில் யாரோ நற்கருணைக்கான திராட்சரசக் குப்பியைத் திறந்தார்கள். அந்தப் புளித்த இனிப்பு மணம் என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோனது.

மாமா அப்போதுதான் அஞ்சுகிராமத்து இந்து வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்திருந்தார். முதல் ஞாயிறு மாமி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்ப எழும்பணும்னு சொல்லித் தரணும், கேட்டியா மக்கா? தப்பா எழும்புனா உன் மாமா எனக்குச் சோறு தரமாட்டாரு."

நான் சொல்லச் சொல்ல எழுந்தார்; ஒன்றும் தப்பாகவில்லை. எல்லோரும் அப்பமும் ரசமும் வாங்க நற்கருணைக்கு நகர்ந்தபோது, "பெரியவங்களுக்குக் கொடுப்பாங்க, போங்க மாமி" என்றேன். திடப்படுத்தல் சடங்கு முடித்துச் சபையின் முழு உறுப்பினரானவர்களுக்கு மட்டுமே என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மாமி முழங்காலிட்டு, பிரசாதம் வாங்குவதுபோல் கையை நீட்டினார். போதகர் அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு, அப்பத்தை அடுத்தவருக்குக் கொடுத்தார். நீட்டிய கை சற்று நேரம் அப்படியே இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வீட்டில் அம்மா மாமியிடம் கேட்டார்: "ஏட்டி, ஒன்ன யாரு அங்க போகச் சொன்னா?"

"நானாத்தான் போனேன் மைனி" என்றார் மாமி. நான் அருகில்தான் நின்றேன்.

அதன்பிறகு மாமா எவ்வளவு கூப்பிட்டும் மாமி கோயிலுக்கு வரவில்லை. போன வருடம் இறந்தும் போனார்.

பட்டியலில் நற்கருணை விதியை எழுதி முடித்தேன். போகச் சொன்னது நான்தான் என்று மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.