ப்ராசஸர் கட்டத்தில் ‘ஓகே’

1. மேசைக்கு அடியில்

புஷ்பா அக்கா மூன்றாவது முறையாகப் புகாரோடு கடைக்குள் நுழைந்தபோது நான் மேசைக்கு அடியில் இருந்தேன். வயர் தேடுவதாகச் சொன்னேன். அங்கே வயர் எதுவும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

"வெளிய வா தம்பி. கடிக்க மாட்டேன். கடிக்கிறதா இருந்தா போன வாரமே கடிச்சிருப்பேன்."

மலாக்கா டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். பெயர் கோபி. கேம் விளையாடுகிறவர்களுக்கு மெஷின் கட்டித் தருவது என் பகுதி. இந்த வேலைக்கு வர நினைக்கிற இளையவர்களுக்காக எழுதச் சொன்னார்கள். என் திறமையைப் பற்றி எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அதனால் ஒரு தவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

புஷ்பா அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து குளித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆட்களைச் சுடுவார். ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கி விளையாட்டு அது. அவருடைய குழுவில் மற்ற நால்வரும் நியாலாஸ் பக்கத்து இளைஞர்கள். கேப்டன் தினேஷ் அவரை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிடுவான். அவருக்குப் பிடிக்காது. ஆனால் குழுவிலேயே குறி தப்பாதவர் அவர்தான். மூன்றாவது தட்டில் சரக்கு அடுக்கிய பேலட்டை விரல்கடை அளவு இடத்தில் நுழைக்கிறவருக்கு எதிரியின் தலை பெரிய விஷயமா என்ன?

மாநில அளவிலான போட்டிக்குத் தகுதிச் சுற்று வந்தது. அதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமைப் பயிற்சிகளிலும் அவருடைய திரை நடுச் சண்டையில் நின்று நின்று ஓடியது. தினேஷ் தன்மையாகத்தான் சொன்னானாம். இந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தகுதிச் சுற்று. அதற்குள் மெஷின் சரியாகவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள்.

அவர் மேசைக்கு முன்னால் நின்று இதைச் சொன்ன நேரம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

2. ராஜாவின் அரண்மனை

எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்ட் மெஷின் நிற்கும். உடம்பெல்லாம் விளக்கு. உள்ளே கடையிலேயே பெரிய ப்ராசஸர். நாங்கள் வைத்த பெயர் ராஜா. திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு எதை விற்றாலும் முதலில் ராஜாவில் போட்டு, வாடிக்கையாளர் கண் முன்னால் கேமை ஓட்டிக் காட்டுவது எங்கள் கடை வழக்கம். கார்டு பழுதில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

அக்கா வாங்கிய கார்டையும் அப்படித்தான் போட்டேன். திரையின் மூலையில் 240 ஃபிரேம் என்று காட்டியது. அதாவது ஒரு நொடிக்கு 240 படம். அவருடைய மானிட்டருக்கு 144 போதும். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கார்டுதான் எல்லாம், மற்றதெல்லாம் சும்மா என்று ஒரு சொற்பொழிவு வேறு ஆற்றினேன்.

எங்கள் பாஸ் ராஜரத்தினம் ஐயா. ஏதோ ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றுவிட்டுக் கடை திறந்தவர். அவர் மூச்சு விடுவதற்கே ஃபாரம் வைத்திருப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். கார்டு விற்பதற்கும் ஒரு ஃபாரம் உண்டு. நான்கு கட்டம். என்ன கேம், என்ன திரை, வாடிக்கையாளரிடம் இருக்கும் ப்ராசஸர் என்ன, பவர் சப்ளை என்ன.

மூன்றாவது கட்டத்துக்கு வந்தபோது அக்காவைக் கேட்டேன். கம்ப்யூட்டர் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேனே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. நல்லாத்தான் ஓடுது என்றார். நான் ‘ஓகே’ என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்க் கார்டைப் பொருத்தினேன். பவர் சப்ளையைப் புதிதாக மாற்றினேன். அது ஓர் ஆபீஸ் காலி செய்தபோது வாங்கிய பழைய மெஷின். உள்ளே நான்கு கோர் ப்ராசஸர், அதாவது வேலைக்கு நான்கே கை. சூட்டைத் தணிக்கும் கூலருக்கு அடியில் ஒளிந்திருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. கேமில் பயிற்சி மைதானத்தை ஓட்டிக் காட்டினேன். 110 வந்தது. 240 ஏன் 110 ஆனது என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் அக்காவின் வீட்டுக்காரர் முனியாண்டி அண்ணன் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டை நீட்டினார். நான் மீ கோரெங் பக்கம் போய்விட்டேன்.

பயிற்சி மைதானத்தில் ஆள் ஒருத்தர்தான். உண்மையான ஆட்டத்தில் பத்துப் பேர், புகை, குண்டு, கதவு உடைவது, காலடிச் சத்தம். அவ்வளவையும் நொடிக்கு நொடி கணக்குப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார் என்று கார்டுக்குச் சொல்ல வேண்டியது ப்ராசஸர். அது சொன்னால்தான் கார்டு வரையும். பத்துப் பேரும் ஒன்று சேர்ந்ததும் 110 என்பது இருபதுக்கு இறங்கியிருக்கிறது.

3. பூனை

முதல் தடவை அவர் வந்தபோது விண்டோஸ் மேல் பழியைப் போட்டேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். முனியாண்டி அண்ணன் சேர்த்து வைத்திருந்த மீன்பிடிப் படங்களை முதலில் பத்திரப்படுத்த மட்டும் மறக்கவில்லை. இந்தக் கதையில் நான் சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

இரண்டாவது தடவை இன்டர்நெட் என்றேன். இன்டர்நெட் சரியாக இருந்தது. சூடு என்றேன். அவர் வீட்டுப் பூனை மெஷின் பெட்டியின் கேசிங் மேல் படுப்பதைப் பார்த்திருந்தேன். காற்று போகும் வழியைப் பூனை அடைக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, கூடுதலாக ஒரு ஃபேனை மாட்டினேன். பூனைக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. குளிர்ந்த காற்றில் படுத்துக்கொண்டது.

அப்போதே கேமின் படத் தரத்தையும் குறைத்துப் பார்த்தேன். நிழலை எடுத்தேன், புல்லை எடுத்தேன், கடைசியில் ஆட்கள் சோப்புக் கட்டி மாதிரி ஆனார்கள். ஃபிரேம் ஒன்றுகூட ஏறவில்லை. இந்தத் தொழிலில் இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. படத்தைக் குறைத்தால் கார்டின் வேலை குறையும். அப்படியும் ஃபிரேம் ஏறாவிட்டால், தடங்கல் கார்டில் இல்லை. இதை நான் மற்றவர்களுக்குப் பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? கேமில் ஏதோ கோளாறு, அடுத்த அப்டேட்டில் சரியாகும் என்றேன்.

4. லோரி காலியாக நிற்கிறது

வெள்ளிக்கிழமை மாலைக்கு வருகிறேன். அக்கா மெஷினைக் காரில் ஏற்றிக் கொண்டு வந்திருந்தார். கடை மேசையில் வைத்து, பழைய ஆட்டம் ஒன்றை ஓட்டவிட்டு, பக்கத்துத் திரையில் இரண்டு கோடுகளைத் திறந்தேன். ப்ராசஸர் எவ்வளவு வேலை செய்கிறது, கார்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கோடுகள். சண்டை தொடங்கியது. மேல் கோடு நூறில் முட்டி நின்றது. கீழ்க் கோடு நாற்பதில் படுத்திருந்தது.

நான் அப்போதும் கார்டில்தான் ஏதோ குறை என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தேன்.

"கீழ இருக்கே, அது என்னா?" என்றார் அக்கா.

"கார்டு. அது சோம்பேறியா இருக்குக்கா. அதான் பாக்குறேன்."

"மேல இருக்கிறது?"

"ப்ராசஸர்."

அவர் இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சரக்கு ஏற்றும் லோடிங் பேயில் தினமும் இதைத்தான் பார்க்கிறாராம்.

"தம்பி, நாப்பதடி லோரியக் கொண்டாந்து நிப்பாட்டிட்ட. ஏத்துறதுக்கு ஒரே ஒரு ஃபோர்க்லிஃப்ட். அதுவும் பழசு. அது நாக்கு தள்ள ஓடுது. லோரி டிரைவர் தே தாரிக் குடிச்சிட்டு நிக்கிறான். நீ என்னான்னா லோரிக்காரன சோம்பேறிங்கிற."

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருடத்துத் தொழில் அனுபவத்தை அவர் ஒரு நிமிடத்தில் மூட்டை கட்டிவிட்டார். நான் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்.

"ஆமாக்கா."

ராஜரத்தினம் ஐயா அவருடைய ஃபைலில் இருந்து ஒரு ஃபாரத்தை உருவி, மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தார். மூன்றாவது கட்டத்தில் என் கையெழுத்தில் ‘ஓகே’. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்காவின் மதர்போர்டில் உட்காரும் பெரிய ப்ராசஸர் கடையில் இல்லை; ராஜாவினுடையது அதில் பொருந்தாது. கோலாலம்பூரில் சொல்லி வைத்தால் செவ்வாய்க்கிழமை வரும். போட்டி மறுநாள். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. பரவாயில்லை, தினேஷிடம் சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்தார். எடுத்தவர் நம்பரை அழுத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது ஐயா கேட்டார்.

"கோபி, உன் வீட்டுல என்ன ப்ராசஸர்?"

அவருக்குத் தெரியும். வாங்கியதற்கு ஃபாரம் இருக்கிறதே.

என் வீட்டு மெஷினில் எட்டு கோர் ப்ராசஸர் இருந்தது. அக்காவின் போர்டில் இருக்கும் அதே சாக்கெட்டில் உட்காருவது. ஆனால் கார்டோ அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டியது. நல்ல கார்டு அடுத்த மாதம் வாங்கலாம் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு ஃபோர்க்லிஃப்டை வரிசையாக நிறுத்திவிட்டுச் சைக்கிளில் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த மெஷினில் நான் விளையாடியது கேரம்.

"நாளைக்கு மத்தியானம் கொண்டாறேன்க்கா," என்றேன். "உங்களது எனக்கு, எனது உங்களுக்கு."

5. சோற்றுப் பானை

சனிக்கிழமை ஒரு மணிக்கு அவர் வீட்டில் இருந்தேன். பழைய ப்ராசஸரைக் கழற்றி, என்னுடையதை வைத்து, சூடு கடத்தும் பேஸ்ட் தடவி, என் கூலரையே மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

அணைத்துப் போட்டேன். கறுப்பு. ரேமைக் கழற்றி மாட்டினேன். கறுப்பு. முனியாண்டி அண்ணன் கதவோரம் நின்று, "அதுக்கு வீடு புதுசுலா, பழகட்டும்," என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அதில்தான் எனக்கு உறைத்தது.

மதர்போர்டுக்குள் பயோஸ் என்று ஒரு சிறு நிரல் இருக்கும். எந்தெந்த ப்ராசஸரைத் தனக்குத் தெரியும் என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பழைய போர்டின் பட்டியலில் என்னுடைய புது ஆள் இல்லை. முதலில் பயோஸை அப்டேட் செய்திருக்க வேண்டும். அதைச் செய்ய மெஷின் ஓட வேண்டும். ஓட வேண்டுமென்றால் பழைய ப்ராசஸரைத் திரும்ப மாட்ட வேண்டும். நான் நேற்று மாலையிலிருந்து ஏசிக்கொண்டிருந்த அதே பழையவரிடம் போய்க் கும்பிட்டு, இன்னொருமுறை வாருங்கள், உங்கள் இடத்துக்கு வருகிறவரை நீங்களே அறிமுகப்படுத்திவிட்டுப் போங்கள் என்று கேட்பது போல இருந்தது. அவர் முகம் கோணாமல் வந்தார். முதல் அழுத்தில் திரை தெளிந்தது.

மணி ஒன்று ஐம்பது. பயோஸை இறக்கி, அப்டேட்டைத் தொடங்கினேன். நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே செத்துவிடும் என்றேன்.

அண்ணன் கலவரமானார். "அடுப்படியில ரைஸ் குக்கர் ஓடுது. தண்ணி ஹீட்டரையும் சேத்துப் போட்டா ட்ரிப் ஆயி கரண்டு போயிடும்."

"யாரும் குளிக்கக் கூடாது," என்றார் அக்கா.

அவர் குளியலறைக் கதவுக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அண்ணன் ரைஸ் குக்கரைப் பாதியில் அணைத்துவிட்டு மெயின் சுவிட்சுக்குக் கீழே காவல் நின்றார். பூனை கேசிங் மேல் ஏறப் பார்த்தது. அதை நான் மடியில் பிடித்துக்கொண்டேன். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. நான்கு ஜீவன்களும் மூச்சு விடாமல் அதைப் பார்த்தோம்.

முடிந்தது. மறுபடி கழற்றி, மறுபடி மாட்டி, சுவிட்சைப் போட்டபோது மணி இரண்டு நாற்பது. திரை வந்தது. அக்கா பயிற்சி மைதானத்துக்குள் அவசரமாக நுழைந்தார். நான் நிறுத்தி, மைதானம் வேண்டாம், ஆள் நிறைந்த ஆட்டம் ஒன்றைப் போடுங்கள் என்றேன். போட்டார். புகை, குண்டு, பத்துப் பேர். 150. 145. 160. கீழ்க் கோடு தொண்ணூறுக்கு மேல் இருந்தது. லோரிக்காரன் தே தாரிக் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

மூன்று மணிக்குப் போட்டி ஆரம்பித்தது. நான் பின்னால் நின்று ஃபிரேம் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ரவுண்டில் அக்காவை யாரோ முதுகில் சுட்டுக் கவிழ்த்தார்கள். ஸ்பீக்கரில் தினேஷின் குரல் பதறியது.

"ஆன்ட்டி, மறுபடியும் ஃபிரீஸா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இல்லடா. நான்தான் திரும்பிப் பாக்கல. இப்ப செத்தது நானு, மெஷின் இல்ல."

தோற்றதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன மனிதரை நான் பார்த்ததில்லை. அதற்கப்புறம் அவரைச் சுடுவது எதிரணிக்குக் கஷ்டமாகப் போயிற்று. கடைசி ரவுண்டில் ஒன்றுக்கு மூன்று என்று நின்று, மூன்று பேரையும் ஒரே மூச்சில் முடித்தார். தகுதிச் சுற்றைத் தாண்டினார்கள். மாநிலப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குழுவில் ஆள் மாற்றும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. தினேஷ் இப்போது ‘அக்கா’ என்கிறான். மறுவாரம் ஐவரும் என்னைக் கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் ஷேக் வாங்கிக் கொடுத்தார்கள். பூனைக்கு ஒரு டின் மீன் நான் வாங்கிக் கொடுத்தேன். அதன் மேல் நான் சுமத்திய பழி பாக்கி இருந்தது.

அன்று சாயங்காலம் மூவரும் சாப்பிட்ட சோறு அரை வேக்காடு.

6. புதிய ஃபாரம்

அக்காவின் பழைய நான்கு கோர் ப்ராசஸர் இப்போது என் வீட்டில், என் பழைய கார்டோடு இருக்கிறது. இரண்டும் நிதானப் பேர்வழிகள். ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதில்லை. கேரம் முன்பு ஓடியதைப் போலவே ஓடுகிறது.

பாடம் என்று ஒன்று எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இது. கார்டை மட்டும் பார்த்து விற்காதீர்கள், ப்ராசஸரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ராஜாவில் ஓடுவது வீட்டில் ஓடாது. வாடிக்கையாளரின் மெஷினைத் திறந்து, கூலருக்கு அடியில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். சோதிக்கும்போது ஆள் நிறைந்த ஆட்டத்தில் சோதியுங்கள். மீ கோரெங்கை அதற்குப் பிறகு சாப்பிடுங்கள்.

ராஜரத்தினம் ஐயா மறுவாரமே ஃபாரத்தைப் புதிதாக அச்சடித்தார். மூன்றாவது கட்டம் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரியது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: ‘ஓகே என்று எழுதக் கூடாது.’

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் எல்லோரும் அந்த வரியைக் காட்டி, எந்த மடையனுக்காக இதைப் போட்டிருக்கிறார்கள் என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் உடனே மேசைக்கு அடியில் வயர் தேடப் போய்விடுகிறேன்.