வாரேன் என்று சொல்லக் கூடாத நாள்

அப்பா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும், அப்பாவோடு வயலில் நின்ற கூட்டாளிகளுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். "நல்லதா நாலு வார்த்தை எழுதுக்கா" என்று தம்பி நோட்டைக் கொடுத்தான். நல்லதும் எழுதுகிறேன், மற்றதையும் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அச்சகத்தில் சொல்லி வெட்டிக்கொள்ளட்டும்.

மதுரைக்கு மேற்கே, நம் ஊரின் கீழத்தெருவில் அப்பா பிறந்தார். ஒரு குழி நிலம் கிடையாது. ஏழு வயதில் பெரிய வீட்டுக்கு மாடு மேய்க்கப் போனவர், கை நடுங்கும் வரை அங்கேதான் உழைத்தார். எந்தப் பெரிய வீடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா போன பிறகு எங்கள் இருவருக்கும் அவரே சோறு பொங்கினார், எனக்குத் தலை பின்னிவிட்டார், என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். குடித்ததில்லை. யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அப்பாவை எடுத்த அன்று நீங்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதீர்கள். எனக்கோ அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சின்னப் பிள்ளைகளுக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். பெரிய வீட்டில் யார் செத்தாலும், அவர்களுடைய சொந்தபந்தங்களுக்குக் கேதம் சொல்லப் போவது அப்பாதான். சைக்கிளில் ஊர் ஊராய்ப் போய், சாவுச் செய்தியை வாசலுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டும். அவர்கள் தெருவில் நம்மவர்கள் சைக்கிள் மிதிக்கக் கூடாது. முனையிலேயே இறங்கி, செருப்பைக் கழற்றிக் கேரியரில் செருகி, உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். சொல்லி முடித்ததும் பேசாமல் திரும்பிவிட வேண்டும்.

எழுபதுகளில் ஓர் ஆனி மாதம். எனக்கு டீச்சர் டிரெயினிங் இன்டர்வியூவுக்குக் கார்டு வந்திருந்தது. கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம், மதியம் இரண்டு மணி. நம் தெருவில் அப்படி ஒரு கார்டு வந்தது அதுதான் முதல் தடவை. அப்பா அதை ஊரெல்லாம் காட்டிவிட்டு வந்தார். அன்று விடியும்போது பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து நின்றது. பெரியவர் தவறிவிட்டாராம்.

"இன்னைக்கு வேணாம்ப்பா, வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

"மேற்கே மூணு ஊரு, கடைசியா திருநகர்ல ஒரு வீடு. அங்கேருந்து கோரிப்பாளையம் எம்புட்டுத் தூரம்? தாராளமாப் போயிரலாம். ஏறு தாயி" என்றார்.

சர்டிபிகேட்டெல்லாம் மஞ்சப்பையில். பையை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தேன். ஆனிக் காற்று எதிரே நின்று தள்ளியது. மேட்டில் நான் இறங்கித் தள்ள, அப்பா எழுந்து நின்று மிதித்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. முதல் ஊரிலும் இரண்டாம் ஊரிலும் சொல்லியாயிற்று. தண்ணீர் வேண்டுமா என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. கிணற்றுப் பக்கம் நாங்கள் போகவும் முடியாது.

மூன்றாம் ஊரில் மணி பதினொன்று. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு செய்தியைச் சொன்னார். வீட்டம்மா அழுதாள். பார்க்கப் பாவமாக இருந்தது. படித்த பெண் என்ற நினைப்பு எனக்கு, மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று கைகூப்பி, "வாரோம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அழுகை அப்படியே நின்றது. "எழவு சொல்ல வந்தவ வாரோம்ங்கிறா! இன்னும் எத்தனை எழவு கொண்டாரப் போறடி?"

கேதம் சொல்லப் போன இடத்தில் வாரேன் என்ற சொல் வாயில் வரக் கூடாது. சாவு வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். எனக்குத் தெரியாததா? வாய் தவறிவிட்டது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்து ஒரு முடிவு சொல்லும்வரை நகரக் கூடாது என்றார்கள். வெறுங்காலோடு வெயிலில் நின்றோம். கால் மாற்றி மாற்றி நான் நின்றேன். அப்பா அசையவில்லை. ஒரு மணிக்கு அந்த ஆள் வந்தார். அப்பா தெருப் புழுதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "படிக்காத புள்ளைங்க, மன்னிச்சுருங்க" என்றார். சர்டிபிகேட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் அதைக் கேட்டேன்.

ஊர் எல்லை தாண்டியதும் சைக்கிளை நிறுத்தி என்னை இறங்கச் சொன்னார். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. "ஒரு வார்த்தைய அடக்கத் தெரியல, நீ டீச்சராகப் போறியாக்கும்!" அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை.

"அப்பா, திருநகரை அப்புறம் பாத்துக்கிருவோம், நேரா போங்கப்பா" என்று அழுதேன். அவர் காதில் விழவே இல்லை. திருநகரில் சொல்லிவிட்டுத்தான் சைக்கிளைத் திருப்பினார். அங்கிருந்து வெறி பிடித்தவர் மாதிரி மிதித்தார். வைகைப் பாலத்தில் அவருக்கு மூச்சு இரைத்த சத்தம் லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். "லிஸ்ட் முடிஞ்சு மேல அனுப்பியாச்சும்மா" என்றார் கிளார்க். அப்பா அங்கேயும் துண்டை இடுப்பில் கட்டினார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

திரும்பும்போது மறுபடியும் எதிர்க்காற்று. ஊர் வந்ததும் என்னை இறக்கிவிட்டு, நேரே பெரிய வீட்டுக்குப் போய், எல்லா இடத்திலும் சொல்லியாயிற்று என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

மறு வருஷம் எனக்குக் கார்டு வரவில்லை. கல்யாணம்தான் வந்தது. இப்போது ஆனையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறேன். சில குழந்தைகள் தெரியாமல் டீச்சர் என்று கூப்பிடும். நான் திருத்துவதில்லை.

கடைசி நாட்களில் அப்பாவுக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன். ஒரு நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது என் முகத்தையே பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்துக் கரண்டியை வைத்தேன். "அன்னைக்கு நீ அந்த வார்த்தையச் சொல்லாம இருந்திருக்கலாம் தாயி" என்றார். வாயைத் துடைத்துவிட்டு மிச்சக் கஞ்சியையும் ஊட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை.

அவர் கண் மூடிய அன்று காலையில் ஒருவருக்கொருவர் சொல்லி, யாரும் அனுப்பாமலே எல்லா ஊருக்கும் செய்தி கொண்டுபோன உங்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சோறு கொடுத்த பக்கத்து வீட்டு அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நீங்கள் சொல்லாமல் விட்ட வீடு ஒன்றுதான் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

அப்பாவின் சைக்கிளை எடுத்தேன். செருப்புப் போட்டிருந்தேன். தெருமுனையில் இறங்கவில்லை, மிதித்துக்கொண்டே போனேன். பெரிய வீட்டு வாசலில், அந்த ஆனியில் செத்துப்போன பெரியவரின் மகன் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா தவறிட்டாரு" என்றேன்.

பேப்பரை மடித்தார். "அடடா" என்றார். "அப்ப இனிமே எங்களுக்குக் கேதம் சொல்ல யாரு போவா? ஒன் தம்பி வருவானா?"

சைக்கிளைத் திருப்பி, பெடலில் காலை வைத்தேன். உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று நன்றாகக் குரல் உயர்த்திச் சொன்னேன்.

"வாரேன்."