ஆழ்ந்த இரங்கல் போட்டவர்கள்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் நானும் இருக்கிறேன் என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காலையில் ரோஜாப்பூ, மத்தியானம் யாரோ ஒரு சாமியார் சொன்ன தத்துவம், சாயங்காலம் எவருடைய பேத்தியோ ஆடுகிற வீடியோ. தலைவர், செயலாளர் போதாதென்று ‘ஊடக அணி’ என்று ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அட்மின் போடுகிற படத்துக்கு முதல் ஆளாகக் கைதட்டுவதுதான் அந்த அணியின் வேலை. அட்மின் விராலிமலைப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஆணி விற்பதைவிட அறிக்கை எழுதுவதில்தான் அவருக்கு ஆசை அதிகம்.

போன வருஷம் கொடும்பாளூரில் ஒரு தென்னந்தோப்பில் எல்லோரும் கூடினோம். எல்லோருக்கும் ஒரே நீல டி-சர்ட். சட்டைக் கையில் அவரவர் ரத்த வகையை அச்சடித்திருந்தார்கள். “ஒருத்தனுக்கு ஒண்ணுன்னா அம்புட்டுப் பேரும் போய் நிக்கணும்ப்பா. அதுதான் டீம் ஒர்க்கு!” என்று அட்மின் மைக்கில் முழங்கினார். பிரியாணி அண்டாவைத் திறக்கும்வரை நாங்களும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

இந்தக் குரூப்பில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஆளின் படம் தனியாக வந்தால் ஒன்று அவருக்குப் பிறந்தநாள், இல்லையென்றால் அவர் காலி. படத்தோடு கேக் பொம்மை இருந்தால் வாழ்த்து. கும்பிடுகிற கை இருந்தால் இரங்கல். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று எவனும் படிக்க மாட்டான். முதல் ஆள் போட்டதையே அடுத்தவன் எடுத்து ஒட்டுவான். இதற்குப் பெயர் நட்பாம்.

என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவனுக்கு இந்தக் குரூப் என்றால் உயிர். சோறு இல்லாவிட்டாலும் இருப்பான், குட்மார்னிங் போடாமல் இருக்க மாட்டான். அவன் பைக்கில் போகும்போது லாரி இடித்துவிட்டது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அவன் மனைவி எனக்குப் போன் பண்ணினாள். ஓடினேன். இடுப்பெலும்பு நொறுங்கி ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

“ஓ நெகட்டிவ் வேணும். இருந்ததை ஏத்தியாச்சு. கொடுக்குறவங்க யாராச்சும் இருந்தா ஒடனே வரச் சொல்லுங்க. வந்தாத்தான் ஆபரேஷன்” என்றார் டாக்டர்.

அந்த நீல டி-சர்ட்டுகள் ஞாபகம் வந்தன. ஓ நெகட்டிவ் என்று போட்டவர்கள் சிலரை நானே பார்த்திருந்தேன். உடனே அட்மினைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். “கவலைய விடு பங்காளி, நான் போட்டோவோட போடுறேன். அப்பத்தான் பாப்பாய்ங்க” என்றார்.

போட்டார். எப்படிப் போட்டார் தெரியுமா? முதலில் கும்பிடுகிற கை. அப்புறம் வெள்ளைச் சட்டையில் அவன் சிரிக்கிற படம். அதன் கீழே, “நமது பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய, பழகுவதற்கு இனிய, என்றும் நம் நெஞ்சில் நிறைந்த அருமை நண்பர்…” என்று ஆரம்பித்து, அவன் ஆறாம் வகுப்பில் கபடி ஆடியது வரை எழுதியிருந்தார். ரத்தம் வேண்டும் என்கிற சங்கதி எங்கோ அடியில், ‘மேலும் படிக்க’ என்பதை அமுக்கினால்தான் தெரிகிற இடத்தில் கிடந்தது.

ஊடக அணி விழித்துக்கொண்டது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று ஒருவன் போட்டான். அவ்வளவுதான். ஆழ்ந்த இரங்கல், ஆன்மா சாந்தியடையட்டும், ஈடு செய்ய முடியாத இழப்பு என்று மளமளவென்று வந்து விழுந்தன. ஒருவர் எரிகிற விளக்குப் படம் வேறு போட்டார்.

அவனுடைய போன் அவன் மனைவியின் மடியில் இருந்தது. அது விடாமல் டிங், டிங் என்று அடிக்கவே எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் பெஞ்சிலிருந்து அப்படியே தரையில் சரிந்தாள். “அண்ணே, உள்ள என்னமோ ஆயிருச்சாண்ணே? எங்கிட்டச் சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்லிட்டாங்களாண்ணே?” என்று அலறினாள். நர்ஸ் ஓடி வந்து, அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று கதவைத் திறந்து காட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அட்மின் எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

போனில் கத்தினேன். “போட்டதப் பொறுமையாப் படிக்கணும்ப்பா. கடைசிப் பாராவுல தெளிவாத்தான போட்டிருக்கேன்” என்றார் அந்த மகான்.

இரங்கல் போட்டவர்களில் ஒருவன் ஓ நெகட்டிவ். அவனையே கூப்பிட்டேன். “அட, இருக்கானா? நல்லவேளை மாப்ள! நான் இப்ப ஒரு வேலையா வெளிய வந்துட்டேன். நீ குரூப்புல போட்டு விடு, யாராச்சும் வருவாய்ங்க” என்றான். குரூப்பாம். போனை வைத்துவிட்டேன்.

கடைசியில், எந்தக் குரூப்பிலும் இல்லாத என் பழைய சக ஊழியர் ஒருவருக்குப் போன் பண்ணினேன். ஆவூர்க்காரர். “ஓ நெகட்டிவ் வேணும் சார், பெரியாஸ்பத்திரி” என்றேன். “எம் மருமகனுக்கு அதுதான். கூட்டிக்கிட்டு வாரேன்” என்றார். பேச்சு அவ்வளவுதான். வந்தார்கள், கொடுத்தார்கள், ஆபரேஷன் நடந்தது, அவன் பிழைத்தான்.

வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து போனை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான். மூஞ்சியில் அப்படியொரு பெருமை. தனக்கு வந்த இரங்கலைத்தான் படித்துக்கொண்டிருந்தான்.

“பாத்தியா மாப்ள, எம்புட்டுப் பேரு போட்டிருக்காய்ங்க! அட்மினோட அப்பா செத்தப்பக்கூட இம்புட்டு வரல” என்றான். இந்த ஜென்மத்தைக் காப்பாற்றவா அவ்வளவு ஓடினோம் என்று எனக்குத் தோன்றியது.

அவன் மனைவி கஞ்சி டம்ளரை ஆற்றிக்கொண்டு நின்றாள். அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“ரத்தம் கொடுக்க வரல, போவுதுண்ணே. இவரு செத்துட்டாருன்னு நம்புனாங்கல்ல? அதுக்காச்சும் ஒருத்தரு வீட்டுக்கு வந்து எட்டிப் பாத்தாங்களா?”

அவன் போனைத் தள்ளுவதை நிறுத்தினான்.