அம்மாவின் அடுப்பில் காய்ந்த பிளக்குகள்

இன்று காலை ஹட்டனில் என் பழைய கார் ஸ்டார்ட் ஆவதும் அணைவதுமாக இருக்க, மெக்கானிக் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்தார். பெட்ரோலில் நனைந்திருந்த அந்த இரும்பின் வாசனையோடு, வட்டகொடைப் பக்கம் பத்து ஒற்றையறைக் காம்பராக்களோடும் மண்சரிவில் போய்விட்ட எங்கள் தேயிலைத் தோட்ட லயம் திரும்பி வந்தது.

லயத்தில் இருந்த ஒரே கார் அடுத்த காம்பரா மரியதாஸ் மாமாவுடையது. இரவெல்லாம் பனியில் கிடந்து காலையில் உறுமி உறுமி அடங்கிவிடும். அதன் நான்கு பிளக்குகளையும் அவர் கழற்றிக்கொண்டு வருவார். அம்மா ரொட்டி சுட்டு இறக்கிய சூட்டுத் தகரத்தில் அவற்றைப் பரப்பிக் காயவைப்பாள்; காய்ந்த பிளக்குகளைத் திரும்ப மாட்டினால்தான் கார் கிளம்பும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு விறகுப் புகையும் ரொட்டியும் பெட்ரோலும் கலந்து மணக்கும் அந்தக் காம்பராவிலிருந்து, பிளக்குகளைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் வேலைக்கு இறங்குவாள்.

அம்மா மூச்சுவிட முடியாமல் கிடந்த காலையில், அவளைக் கம்பளியோடு பின்சீட்டில் ஏற்றினோம். கார் கிளம்பவில்லை. ஆண்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு காரணம் தெரிந்திருந்தது. கார்புரேட்டரை ஊதினார்கள், பேட்டரி வயரைச் சுரண்டினார்கள், எல்லோரும் சேர்ந்து இறக்கத்தில் தள்ளினார்கள். இறக்கம் முடிந்த இடத்தில், தேயிலைக்கு நடுவே, கார் ஒருமுறை இருமிவிட்டு நின்றுபோனது.

"பெட்ரோல் வருது, பேட்டரியும் நல்லாத்தானே இருக்கு, இன்னும் என்னதான் வேணும் இதுக்கு?" என்று மாமா பானெட்டில் அறைந்தார்.

பின்சீட்டிலிருந்து அம்மா சொன்னதுதான் நான் கேட்ட அவளுடைய கடைசிப் பேச்சு.

"இன்னைக்கு நான் அடுப்பு பத்தவைக்கலியே, அண்ணே."